ரேஸ் கார் லேபிளை வரைந்த சுப்பையா

சுப்பையா அண்ணாச்சி தவறிவிட்ட செய்தி முத்துலட்சுமி அக்காவின் குரல் பதிவாக வந்தபோது, நான் பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். "நம்ம வண்டி ஓடுறதப் பாக்காமலே போயிட்டாகளே தம்பி" என்று அழுதார். எனக்கும் அதே வருத்தம்தான். சிவகாசி அச்சகங்களில் அண்ணாச்சியோடு வேலை பார்த்த உங்களுக்கு இந்த வண்டிக் கதை தெரிந்திருக்காது.

விருதுநகரில் அக்காவின் மிளகாய் வத்தல் கிட்டங்கியில், சாக்குகளுக்கு அடியில் கிடந்த பந்தயக் கார் அது. ஒற்றை இருக்கை, அலுமினிய உடம்பு. அக்காவின் அப்பா ஆசைப்பட்டுச் செய்யச்சொல்லி, தானே பந்தயத்தில் ஓட்டியது. அப்படி ஒன்றுதான் செய்தார்களாம். காகிதமோ புகைப்படமோ எதுவும் மிஞ்சவில்லை. இருந்த ஒரே சாட்சி, அந்தக் காரின் படம் போட்ட பழைய பட்டாசு லேபிள்.

வண்டியைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்த நிபுணர் லேபிளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். லேபிளில் புகைக்குழாய் வலப்பக்கம், வண்டியில் இடப்பக்கம். "இது அந்த வண்டி இல்லை" என்றார். பழைய வண்டிகளே கதி என்று கிடக்கிற நானும் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன். "அப்ப அப்பா சொன்னதெல்லாம் பொய்யா தம்பி?" என்று கேட்ட அக்கா, மறுநாளே பழைய இரும்புக்காரரை வரச்சொல்லிவிட்டார். அலுமினியத்தை உருக்க எவ்வளவு நேரமாகும்?

மனசு கேட்காமல் லேபிளோடு சிவகாசிக்குப் போனேன். அதை வரைந்தவர் யார் என்று விசாரித்ததில் அண்ணாச்சி வீட்டைக் காட்டினார்கள். எண்பதைத் தாண்டியவர். லேபிளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"ஓட்டுறவரு சட்டைப்பை எந்தப் பக்கம்லே இருக்கு?"

வலது மார்பில் இருந்தது. நூறு தடவை பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"எந்த டெய்லர்லே அங்கன பை வச்சுத் தைப்பான்?"

அந்தக் காலத்தில் கல்லில் படம் வரைந்து அச்சடிப்பார்கள். கல்லில் இடவலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் நேராக விழும். தீபாவளி சீசன் அவசரத்தில் அண்ணாச்சி காரின் புகைப்படத்தைத் திருப்பாமல் அப்படியே கல்லில் இறக்கிவிட்டார். கார் நம்பரை மட்டும் கைப்பழக்கத்தில் திருப்பி எழுதியிருக்கிறார். அச்சில் நம்பர் நேராக வந்ததால் கார் திரும்பி நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "மொத லோடு போன பொறவுதான் எனக்கே தெரிஞ்சது. யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

மறுநாள் காலை முகம் பார்க்கும் கண்ணாடியோடு கிட்டங்கிக்கு வந்தார். வாசலில் இரும்புக்காரரின் வண்டி நின்றது. கண்ணாடிக்கு முன்னால் லேபிளைப் பிடித்தார். புகைக்குழாய் இடப்பக்கம் வந்தது, வெளியே நீட்டிய பிரேக் கம்பியும் சரியாகப் பொருந்தியது.

"தப்பு என்னோடது தாயி. ஒங்க அப்பா பொய் சொல்லல" என்றார். அக்கா சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நிபுணர் திரும்ப வந்து, வண்டியின் வரலாற்றை அச்சிட்டுக் கொடுத்தார். 'லேபிளில் படம் இடவலம் மாறியது, வரைந்த சுப்பையாவின் பிழை' என்று ஒரு வரி. பெயரை எடுத்துவிடச் சொல்லலாமே என்றேன். அண்ணாச்சி விடவில்லை.

"இருக்கட்டும்லே. எம்புட்டோ லேபிள் வரைஞ்சேன். ஒண்ணுலயும் எம்பேரு கெடையாது."

அந்தப் பக்கத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அவர் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு வரியில்தான்.