இருபது வாரங்கள் பின்னால்

போன வாரம் தாராவியில் ஒரு லேப்டாப் எனக்குத் தேதி சொன்னது. தப்பான தேதி. ஆனால் அந்த அறையில் இருந்த யாருக்கும் அதைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

காதர் பாயின் லேப்டாப் அது. காதர் பாய் என் சிநேகிதர். தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் புறப்பட்டவர் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அவர் மனைவி மைமூன் இத்தா இருந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கிற காலம். பட்டறைக்கு மேலேதான் வீடு. கீழே தையல் மிஷின்கள் ஓட, மேலே அவர். நான் போனால் படியடியில் நின்று மகள் ஆயிஷாவிடம் விசாரித்துவிட்டு மாட்டுங்கா திரும்பிவிடுவேன்.

இத்தா முடிந்து கொஞ்ச நாளில் ஆயிஷா போனில் பேசினாள். வாப்பாவின் லேப்டாப்பில் இடமே இல்லை. பை அளவுகள், டிசைன் படங்கள், பில் எல்லாம் அதில்தான். செம்பூர் கடைக்காரர் ஸ்கூல் பேக் டிசைன் அனுப்பி நாலு நாளாகிறது, இறக்கிக்கொள்ள முடியவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் அந்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். உம்மாவோ எதையும் அழிக்க விடவில்லை.

"நீங்க வந்து உம்மாவுக்கு சம்ஜாவோ, எடுத்துச் சொல்லுங்க, அங்கிள். என் பேச்சை யாரு கேக்குறா?"

போனேன். மழை. மாடி முழுக்கத் தோலும் சொல்யூஷன் பசையும் ஈரமும் கலந்த வாசனை. ஆயிஷா மேஜைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

யாரும் தொடவில்லை. ஒரு சின்னப் பெட்டி தானாகத் திரையில் எழுந்தது. இங்கிலீஷில் ஒரு வரி — இருபது வாரங்கள் பின்னால். அதற்குக் கீழே தேதியும் நேரமும். ஜனவரி. அந்த வெள்ளிக்கிழமை. அஸருக்குச் சற்று முன்.

விசிறி இரைந்தது. மூச்சு வாங்குவதுபோல. பிறகு, இடம் போதாது என்று ஒரு எச்சரிக்கை. இரைச்சல் அடங்கியது.

"டெய்லி இதான்," என்றாள் ஆயிஷா. "எழும்பும். கொஞ்சம் ட்ரை பண்ணும். பந்த்."

இடத்தை யார் தின்றது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெட்டிதான். காதர் பாயின் கிரிப்டோ வாலட்.

வாலட் என்றதும் பர்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பர்ஸில் நம் காசு மட்டும்தான் இருக்கும். காதர் பாய் போட்டிருந்தது முழு வாலட். அந்தக் காயின் பிறந்த நாளிலிருந்து உலகத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் அத்தனையும் அதற்குள் வந்து உட்காரும். நூற்றுக்கணக்கான ஜிபி. பெயர் கிடையாது, முகம் கிடையாது. கொடுத்ததும் வாங்கியதும் மட்டும். தாராவியில் ஒரு பழைய லேப்டாப்புக்குள் பூமியின் மொத்தக் கொடுக்கல் வாங்கல்... அவர்களில் எத்தனை பேர் இப்போது உயிரோடு இருக்கிறார்கள்?

அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காதர் பாய் வாராவாரம் எதையாவது அழித்து இடம் கொடுத்துவந்தார். பழைய படங்கள், பழைய டிசைன்கள். அவர் போனபிறகு யாரும் கொடுக்கவில்லை. எனவே அது அவர் மூடிய நிமிடத்திலேயே நிற்கிறது. திறக்கும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறது, ஒரு அடி எடுத்துவைக்கப் பார்க்கிறது, முடியாமல் நிற்கிறது.

இயந்திரம்தான். தெரியும். ஆனாலும் அந்தத் தேதியைப் பார்த்தபோது என் கழுத்தோரம் குளிர்ந்தது — மழை என்று சொல்லிக்கொண்டேன்.

மைமூன் டீ கொண்டுவந்து வைத்தார். திரையைப் பார்க்காமலே பேசினார்.

"போன வாரம் பத்தொம்பதுன்னு காட்டிச்சுண்ணே. இப்ப இருவது. அவுக நின்ன எடத்துலயேதான் நிக்காக. நாந்தான் தள்ளித் தள்ளிப் போயிக்கிட்டு இருக்கேன்."

நான் டீயைக் குடித்தேன். பிறகு, நம் பிழைப்பே அதுதானே, தொழில்நுட்பம் பேசினேன். இடம் மிச்சமாக வேண்டும் என்றால் லைட் வாலட் போடலாம். போனில்கூட நிற்கும். எதையும் சேர்த்துவைக்காது. தேவைப்படும்போது வேறு எங்கோ இருக்கிற முழு வாலட்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். புதிதாக ஒன்று திறந்து, இதில் இருப்பதை அதற்கு மாற்றிவிட்டு, இதை அழித்துவிடலாம். மாற்றுவதற்கு மட்டும் இது ஒரு தடவை இன்றைய தேதிக்கு ஓடிவர வேண்டும்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மைமூன் தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. முதலில் புதுசைத் திறங்க என்று தன் போனை நீட்டினார்.

திறந்தேன். லைட் வாலட் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களைக் கொடுக்கும். அவைதான் சாவி. தொலைத்தால் காயின் போச்சு. வேறொருவர் பார்த்தாலும் போச்சு. அதனால் நான் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். மைமூன் எழுதினார். பேனாவின் சத்தத்திலேயே தெரிந்தது, தமிழில் எழுதுகிறார். ஏன் என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"இங்கிலீஷ்ல எழுதுனா கீழ மிஷின்ல இருக்க பயலுவ அம்புட்டு பேரும் படிப்பானுவ. தமிழ்ல எழுதுனா எம் மவளே படிக்க மாட்டா."

"ஹான், வோ தோ ஹை," என்று ஆமோதித்தாள் மகள், வெட்கமே இல்லாமல்.

நான் மனசுக்குள் பாராட்டினேன். பம்பாயில் இதைவிட மலிவான பூட்டு கிடைக்காது — தமிழ் எழுத்து.

பூட்டின் கோளாறு அடுத்த நிமிடமே தெரிந்தது. சரியாகக் குறித்துக்கொண்டீர்களா என்று வாலட் சோதிக்கும். சொற்களைத் திரும்ப இங்கிலீஷில் அடிக்கச் சொல்லும். மைமூன் அடித்தார். சிவப்பு. மறுபடியும் அடித்தார். சிவப்பு.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. கோஸ்ட்னு எழுதிருக்கேன்."

கோஸ்ட். 'சி'யில் தொடங்கினால் கடலோரம். 'ஜி'யில் தொடங்கினால் பேய். நம்முடைய 'க' இரண்டுக்கும் ஒரே முகம்தான் காட்டும். எந்தக் கோஸ்ட் என்று கேட்டேன்.

கீழே சாப்பாட்டு நேரம். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, கடைசி மிஷினும் நின்றது. அந்த அமைதியில் மைமூன் சொன்னார்:

"பாத்து எழுதையில தெரிஞ்சுதுண்ணே. இப்பத் தெரியல."

ஆயிஷா மட்டும் சிரித்தாள். "பூத், பேயி, அதப் போட்டுப் பாரு, உம்மா. இந்த வீட்டுல அதானே இருக்கு." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்திருக்கவேண்டும், சட்டென்று உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

மைமூன் எதையோ அடித்தார். ஒரு சின்ன மணிச்சத்தம் கேட்டது. சரியாகிவிட்டது. எதை அடித்தார் என்று நான் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. ஆனால் அவர் தாளைக் கிழித்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "இது ஆகாதுண்ணே. ஒத்தச் சொல்லுல மாறிப்போற சாமானு... எனக்கு இருக்குற மறதிக்கு இது வேணாம்."

அவர் சொன்னது நியாயம். இங்கிலீஷில் எழுதிப் பத்திரப்படுத்தலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சொல்லை வைத்து இன்னொரு முறை சோதனை எழுத அந்த அறையில் யாருக்கும் தெம்பில்லை.

இன்னொரு வழி இருந்தது. முழு வாலட்டையே கத்தரித்து வைப்பது. அதே வாலட், அதே பெட்டி. ஒரே ஒரு இடத்தில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். போட்டால் பழைய கணக்கையெல்லாம் அது வெட்டிப் போட்டுவிடும். சரிபார்த்து முடித்த கணக்குதானே. கடைசிக் கொஞ்ச நாள் மட்டும் கையில் இருக்கும். நம்முடைய காயின் பத்திரமாக இருக்கும். நூற்றுக்கணக்கான ஜிபி விரல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரே ஒரு விஷயம் — வெட்டினது வெட்டினதுதான். திரும்ப வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் இறக்கவேண்டும்.

"அப்ப அந்த வெள்ளிக்கெழம?"

போகும் என்றேன். ஒரே நாளில் இல்லை. ஓடிக்கொண்டே வரும், புதுசு சேரச் சேரப் பழசு உதிரும், அந்த நாளும் உதிரும்.

ஆயிஷா கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள். செம்பூர் கடைக்காரரின் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. டிக் போடுவதற்காக என் கை மவுஸ் பக்கம் போனது. மைமூன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானே அமுக்குதேன்."

விசிறி இரைந்தது. இந்தத் தடவை அடங்கவில்லை.

தேதி நகர்ந்தது.

முதலில் மெதுவாக. வெள்ளிக்கிழமை அஸர் தாண்டியது. அந்தி மஃரிப் தாண்டியது. காதர் பாய் பார்க்காத முதல் ராத்திரி, திரையில் நாலு எண்களாக வந்து போயிற்று. சனிக்கிழமை. "இது அடக்கம் பண்ணுன நாளு," என்றார் மைமூன். என்னிடமில்லை, ஆயிஷாவிடமுமில்லை. "இது மூணாம் நாள் ஃபாத்திஹா." பிறகு வேகம் பிடித்தது. "நாப்பது போயிட்டு... முத நோம்பு இது... இது பெருநா." புதுத்துணி எடுக்காத பெருநாள். அவர் ஒவ்வொரு நாளையும் வாசலில் நின்று வழியனுப்புகிறவர்போலச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அறையில் ஜன்னல் சாத்தி உட்கார்ந்திருந்த நாலு மாதம் பத்து நாளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் எழுந்து, அவர் முகத்தில் வெளிச்சமாக விழுந்து, போயின.

எனக்கு வேறொன்று உறுத்தியது. காதர் பாயைத் தூக்கிக்கொண்டு போன அந்த நாளிலும் கணக்கு நிற்கவே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் யாரோ யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள், யாரோ வாங்கியிருக்கிறார்கள். பெயரில்லாத அந்தக் கூட்டம் ஒரு ஜனாஸா ஊர்வலத்துக்குக்கூட ஒதுங்கி வழிவிடவில்லை. நாமும் அப்படித்தானே தெருவைத் தாண்டிப் போகிறோம்?

மஃரிப் பாங்கு சொல்லும்போது தேதி இன்றைக்கு வந்து நின்றது. 'பின்னால்' என்ற சொல் காணாமல் போனது. பெட்டி தானாகவே மூடிக்கொண்டது. டிஸ்க்கின் சிவப்புக் கோடு நீலமாகியிருந்தது. கிட்டத்தட்டக் காலி. ஆயிஷா செம்பூர்க்காரரின் டிசைனை இறக்கினாள். நீலத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஸ்கூல் பேக். கீழே மிஷின்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

மைமூன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் தொறந்தா என்னண்ணே காட்டும்?"

ஒரு நாள் பின்னால் என்று காட்டும் என்றேன்.

"ஒரு நாளு தான?" முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு தொழ எழுந்தார். "அத நான் புடிச்சிருவேன்."

வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பைத் திறந்தேன். என்னுடையது லைட் வாலட். எப்போது திறந்தாலும் இன்றைய தேதிதான் — யாருமே சாகாத வீடுபோல.