தரை தள்ளினால்தான் நடை

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் ஒரு அற்புதம் நடந்தது. சத்தியமாக... என் கண்ணால் பார்த்தேன்.

ஸ்டெல்லா அக்கா எழுந்து நடந்தார்.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில், மகன் சவூதியிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய புது வீடு. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "கால் ரொம்ப நன்றாக இருக்கிறது, இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அக்கா நடக்கவில்லை. வாக்கரைப் பிடித்து எழுவார், ஒரு கால் எடுத்து வைப்பார், முகம் வெளிறிப்போகும். மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்.

"பேடியா இருக்கு மக்கா. காலு நிக்க மாட்டேங்கு" என்பார் என்னிடம். பேடி என்றால் எங்கள் ஊரில் பயம்.

பிசியோதெரபிக்கு வரும் பெண் ஒருநாள் முகத்தைச் சுளித்துச் சொல்லிவிட்டாள் — இப்படியே உட்கார்ந்திருந்தால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று. அன்றிலிருந்து அக்காவின் கணவர் ஞானதாஸ் அண்ணனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அண்ணன் ரிட்டயர்டு பஸ் டிரைவர். எத்தனையோ வளைவு, எத்தனையோ மழை... எல்லாவற்றிலும் பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குச் சொந்த மனைவியைக் கட்டிலிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஒருநாள் அக்காவின் இரண்டு கையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்திருக்கிறார். இவர் முன்னால் இழுக்க, அவர் பயந்து பின்னால் சாய... நல்லவேளை, அக்கா கட்டிலில் விழுந்தார். கால் வழுக்கித் தரையில் விழுந்தது அண்ணன். இப்போது அந்த வீட்டில் தைலம் இரண்டு பேருக்கு.

இந்த நிலைமையில்தான் ஞாயிறு வந்தது. அக்காவை வீல் சேரில் வைத்துக் கொண்டுவந்து கடைசி பெஞ்சுப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நற்கருணை நேரம். போதகர் அக்காவிடமே கொண்டுவந்து கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் எல்லோரும் எழுந்து முன்னால் போகப்போக, அக்கா வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தார். நடுவழியில் ஒவ்வொரு அடியாக நடந்து பீடம் வரை போய்விட்டார்!

பாட்டு நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். ஞானதாஸ் அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். நானும்தான், ஏன் மறைக்க வேண்டும்? ஆராதனை முடிந்ததும் போதகர், அடுத்த ஞாயிறு அக்கா சபைக்கு முன்னால் நின்று இந்த அற்புதத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தார்கள். வாசல் தாண்டி உள்ளே ஒரு கால் வைத்தார் அக்கா. அவ்வளவுதான். அதே பயம், அதே வெளிறல்.

"அற்புதம் வாசலோட நின்னுபோச்சே, டீச்சரே" என்றார் அண்ணன் என்னிடம். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுத்தவள்... அற்புதத்தைக்கூடச் சும்மா விடமாட்டேன். ஆண்டவருக்கு சர்ச்சில் கேட்ட ஜெபம் வீட்டில் கேட்காமல் போகுமா? கால் அதே கால். வாக்கர் அதே வாக்கர். மாறியது எது?

தரை.

நாம் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நம்மை நடத்துவது தரை. கால் தரையைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. தரை அதே அளவுக்கு நம்மை முன்பக்கமாகத் தள்ளுகிறது. விசையும் எதிர்விசையும். ஆனால் கால் தள்ளுவதற்குப் பிடிமானம் வேண்டுமே? வழுவழுப்பில் நம்மால் தள்ள முடியாது. நாம் தள்ளாவிட்டால் அதுவும் தள்ளாது. தரை கறாரான ஆள், கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும்.

சர்ச் நடுவழியில் தென்னை நாரில் பின்னிய காயர் மேட் விரித்திருக்கிறது. சொரசொரவென்று காலைக் கடிக்கும்.

அக்கா வீட்டில்? கண்ணாடி டைல்ஸ். குனிந்தால் முகம் தெரியும். அதிலும் நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும் — ஒருவர் ஆபரேஷன் செய்து படுத்தால் சொந்தபந்தம் மொத்தமும் ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து பார்த்தாக வேண்டும். வருகிறவர்கள் அக்காவின் காலைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கிறார்கள். "ஏயப்பா, என்ன பளபளப்பு!" ஆகவே ஒவ்வொரு கூட்டம் வருவதற்கு முன்னும் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பு. நோயாளியைப் பார்க்க ஆள் வரவர, நோயாளி நடக்க முடியாத தரை தயாராகிறது! ஆஸ்பத்திரியில் ரப்பர் செருப்பு போட்டு நடந்த அக்கா, வீட்டுக்குள் செருப்பு போடுவாரா? மாட்டார். புதுத் தரையில் கீறல் விழுந்துவிடுமாம்.

சர்ச்சில் நடந்தது அற்புதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அற்புதம் காயர் மேட் வழியாக வரக்கூடாதா என்ன?

திங்கட்கிழமை காலை போய் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலிலிருந்து அடுக்களை வரை, அடியில் ரப்பர் வைத்த காயர் மேட் போட்டுவிட்டால் போதும். அண்ணன் உடனே பைக் சாவியை எடுத்துவிட்டார். அக்கா தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாம்."

"ஏன்க்கா?"

"ஏட்டி, எனக்க மவன் அங்க மொட்டை மாடியில நின்னு ஏசி ரிப்பேரு பாக்கான். ஊரான் ரூம்பு குளுரணும்னு அவன் வெயிலு கொள்ளுகான். அப்படி ஒழச்சுப் போட்ட தரை. அதைச் சாக்க விரிச்சு மறைக்கச் சொல்லுதியா?"

"அக்கா, அப்போ நடக்க வேண்டாமா?"

"நான் இருந்துக்கிடுதேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. முடிவு செய்துவிட்ட குரல்.

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. இந்தம்மா காலுக்கு மட்டும் பயந்து உட்காரவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம் பாதி, மகனின் உழைப்பை மிதிக்கிறோமே என்ற கூச்சம் பாதி. இதற்கு எந்த பிசிக்ஸ் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

அண்ணன் போனை எடுத்து மகன் ஜெபினுக்கு வீடியோ கால் போட்டார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பின்னால் வெள்ளை வெயில் தெரிய, பையன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஆன்ட்டி, அம்மாக்க கையில குடுங்க."

கொடுத்தேன்.

"அம்மா, நான் எதுக்கு தரை போட்டேன்? வாறவங்க மொகம் பாக்கதுக்கா?"

"உனக்க ஒழைப்புல்லா மக்களே..."

"ஆமா, எனக்க ஒழைப்புதான். அதுல கால வைக்க நீங்களே பேடிச்சா, நான் இங்க வெயில்ல நிக்கது யாருக்கு?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அண்ணன் பைக்கை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் மேட்டை விரித்து, ஓரம் மடங்காமல் டேப் ஒட்டினோம். மறுபடி ஜெபினைக் கூப்பிட்டு, அம்மாவின் கால் தெரிகிற மாதிரி போனைத் தாழ்த்திப் பிடித்தார் அண்ணன். அக்கா எழுந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. பக்கத்திலேயே நான் கையை நீட்டிக்கொண்டு போனேன், தொடவில்லை. போனில் சத்தமே இல்லை.

"லைன் கட்டாயிட்டா?" என்றார் அண்ணன்.

"இல்லப்பா... பாத்துட்டிருக்கேன்."

பாதி வழியில் அக்கா நின்றுவிட்டார். குனிந்து மேட்டையே பார்த்தார். நீட்டிய கையை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"நல்லா அமுக்கி மிதிங்கம்மா. எனக்க தரைதானே? ஒண்ணும் ஆகாது."

அக்கா மிதித்தார். அடுக்களை வரை போய், அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அத்தனை காலம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்று — எதிர்விசை சில நேரம் சவூதியிலிருந்தும் வரும்!