கண்ணெதிரே பிடித்துச் சொன்ன சொற்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். அதனால்தான் அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இரும்புக் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிற மனிதர்களும் கதவு மூடியதும் வாயை மூடிக்கொண்டு மாடி எண்ணைப் பார்ப்பார்கள்.

“அண்ணன் ‘கதவச் சாத்து’ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள லிஃப்ட் மொட்டை மாடிக்குப் போயிட்டுத் திரும்பி வந்துரும்” என்பார் கூட வேலை பார்க்கும் வயர்மேன். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திருப்புளியோடு மேலே ஏறிவிடுவார்.

மகள் பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை. தன் திக்கு பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வந்துவிட்டது. குளிப்பாட்டுவார், தோளில் போட்டுத் தூங்கவைப்பார். பேச மட்டும் மாட்டார். பேசுவதற்குத்தான் மனைவி இருந்தாளே. மருந்துக் கடையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, மிச்சத்தை வீட்டில் பேசுவாள்.

ஒருநாள் அவள் மகளுக்கென்று ஒரு குட்டித் தொப்பியோடு வந்தாள். முன்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா. கடைக்கு வழக்கமாக வரும் ஆராய்ச்சிக்காரப் பெண் கொடுத்தது. உலகத்து எழுத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொட்டாமல், ஒரு குழந்தை பார்ப்பதையும் கேட்பதையும் மட்டும் கொடுத்தால் அது எவ்வளவு கற்றுக்கொள்ளும் என்று சோதிக்கிறார்களாம்.

“அப்ப நா... நான் பே... பேசுறதும் அதுல வருமா?”

“பேசினாத்தானேங்க வர்றதுக்கு!”

பயந்தபடியே ஆயிற்று. தொப்பி போடும் நேரம் பெரும்பாலும் அவருடைய விடுமுறை நாளில் விழுந்தது. மனைவி கடைக்குப் போயிருப்பாள். மகள் அவருடைய கருவிப் பையைத் தரையில் கவிழ்ப்பாள். ஒவ்வொன்றாக எடுத்து, “இது?” என்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். அவர் அதை வாங்கி அவள் முகத்துக்கு நேரே பிடிப்பார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “ஸ்... ஸ்... ஸ்பானர்” என்பார். ஒரே சொல்தான். சொல்லி முடித்ததும் தப்பு செய்தவர் போலக் கதவைப் பார்ப்பார்.

அதனால் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னபோது அவருக்குத் தூக்கம் போயிற்று. ‘என் குரலை மட்டும் எடுத்துடுங்க’ என்று கேட்டுவிட வேண்டும். பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். மனசுக்குள் அது திக்கவே இல்லை.

கூடம் என்றால் ஒரு சின்ன அறை. பொம்மைக் கூடை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு திரை. ஒரு சொல்லைச் சொன்னால், திரையில் உள்ள நான்கு படங்களில் சரியானதைக் கம்ப்யூட்டர் காட்ட வேண்டும். ‘பந்து’ சரி. ‘மேக’த்துக்குத் தலையணையைக் காட்டியது. ‘ஸ்பானர்’ என்றதும் பட்டென்று பிடித்தது.

“இது குழந்தையா மெக்கானிக்கான்னு இங்க எல்லாரும் கேக்குறாங்க” என்று சிரித்தாள் அந்தப் பெண். “இது நல்லாக் கத்துக்கிட்டதுல நிறைய வார்த்தை சாரோடதுதான்.”

“இவரோடதா?” மனைவி எழுந்தே விட்டாள். “அப்ப நான் தொண்டை வறளப் பேசினது?”

“அக்கா, நீங்க கையில கரண்டிய வச்சுக்கிட்டு பஸ் லேட்டானதப் பத்திப் பேசுறீங்க. இது பாவம், எதப் பார்க்கும்? சார் பொருளக் கண்ணு முன்னாடி பிடிச்சுக்கிட்டுச் சொல்றார்.”

மெக்கானிக் வாயைத் திறந்தார். “எ... என் கு... குரல...” வாக்கியம் நின்றுவிட்டது. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. “தி... திக்கு?” என்று மட்டும் கேட்டு முடித்தார்.

“பாப்பாவுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு நீங்களே பாருங்க சார்.”

மகளின் தொப்பி பதிந்த காட்சி ஓடியது. சுவர், கட்டில், அவள் கால், ஜன்னல் என்று படம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிறகு ஸ்பானர் பிடித்த கை வந்தது. அதன் பின்னால் திணறிக்கொண்டிருந்த தன் முகத்தையும் அவர் பார்த்தார். அந்த நேரம் முழுக்கப் படம் அசையவே இல்லை. சொல் வந்து சேர்ந்ததும் படம் மேலும் கீழும் குதித்தது, அவள் கை தட்டும் சத்தத்தோடு.

இதைப் பார்க்காவிட்டால், இரண்டு வயதுப் பிள்ளை தனக்காக இப்படிக் காத்திருந்தது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். திரையையும் அந்தப் பெண்ணையும் பார்த்துக் கைகூப்பினார். குரலை எடுக்கச் சொல்லவில்லை. திக்கு பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமா என்பது மட்டும் பாக்கி இருந்தது; அதைக் கேட்டார். அது தன் படிப்பு இல்லை என்று அந்தப் பெண் பக்கத்துக் கட்டடத்துப் பேச்சு மருத்துவரிடம் அனுப்பினாள். கேட்பதால் திக்கு ஒட்டாது, தாராளமாகப் பேசுங்கள் என்றார் மருத்துவர்.

திரும்பும்போது லிஃப்டுக்குள் மகள் தொப்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அப்பா, இது?”

“தொ... தொப்பி” என்றார். அத்தோடு நிறுத்தவில்லை. “இ... இது யாரு கு... குடுத்தாங்க தெ... தெரியுமா? ஒரு...”

தரைத்தளம் வந்து கதவு திறந்தது. மகள் நகரவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள். கையை நீட்டி மேல்மாடிப் பொத்தானை அமுக்கினாள்.

“நீங்க சொல்லுங்க. மொட்டை மாடிக்குப் போயிட்டே வரலாம்.”