பேருந்து நிலையத்தில் ஒரு கிளாரினெட்

எங்கள் தீவு நாட்டில் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த ஆண்டில், நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்காகக் கோவிந்தசாமி அண்ணன் தலைநகர் சுவாவின் பேருந்து நிலையத்தில் கிளாரினெட் வாசித்தாரா? எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அப்படியொரு காலையில் நான் அங்கே நின்றிருந்தேன். எனக்குப் பத்து வயது.

அவர் இறந்த செய்தி போன வியாழக்கிழமை வந்தது. சுவாவில் நடந்த சாவு, பக்கத்தில் நசினுவில் இருக்கும் எனக்கு, பிரிஸ்பேனிலிருந்து அக்கா தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்தது. நம்மவர் செய்திகள் இப்போது இப்படித்தான் சுற்றி வருகின்றன.

அவருடைய சனிக்கிழமை நடைகளுக்கு வந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லம்பாசாவில் கரும்பு பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை. சுவாவில் அரசாங்க எழுத்தர். மாலையானால் நடனக் கூடங்களில் கிளாரினெட். ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை காலைகளில், வருகிறவர்களை நகரத்தின் வழியே நடத்திச் சென்று எந்தக் கட்டடத்தில் என்ன இசை கேட்டது என்று சொல்லிவந்தார். கிளாரினெட் அக்குளில் இருக்கும். வாசிக்க மாட்டார். "பல்லு போச்சு, அதுவும் போச்சு" என்பார். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் நான் அவருக்கு ஆண்டுகளைச் சரிபார்த்துக் கொடுப்பேன். அதற்காக எனக்குப் 'புரொபசர்' என்று பெயர்.

கம்மிங் தெருவில், கைப்பேசி உறை விற்கும் ஒரு கடைக்குள் எங்களை அழைத்துப் போவார். ஒரு காலத்தில் அங்கே ஆர்மோனியம் பழுது பார்த்தார்களாம். அவர் படியேறும்போதே கடைப் பெண் "பூலா அங்கிள்" என்று தீவு மொழியில் வணக்கம் சொல்லி வானொலியை நிறுத்திவிடுவாள்.

"கேக்குதா?" என்பார் எங்களிடம்.

"ஒண்ணும் கேக்கலியே அண்ணே."

"அதான். அதைக் காட்டத்தான் இட்டாந்தேன்."

துறைமுகம் கடைசிக்கு முந்தைய இடம். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு வந்து, காய்கறிச் சந்தைப் பக்கமாக நின்றுகொண்டு சொல்வார்: "கப்பல்ல போனவனுக்கு போலீஸ் பேண்டு வாசிச்சு அனுப்புனாங்க. ஏரோப்ளேன்ல போனவனுக்கு யாரு வாசிச்சா? ஏர்போர்ட்டு இருக்குற நாந்திக்கு பஸ் இங்கேருந்துதான். எங்க பேண்டுல ஆறு பேரு, அஞ்சு பேரு இந்த பஸ்ஸுலதான் போனானுங்க. அவனுங்களுக்கு வாசிச்சேன். அப்புறம் யாரு போனாலும் வந்து வாசிச்சேன்."

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எல்லார் முன்னிலையிலும் நான் சொன்னேன்: "அண்ணே, நானும் அப்ப இங்கே இருந்தேன். அக்காவை அனுப்ப வந்தோம். கிளாரினெட் எதுவும் கேக்கலை."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கிளாரினெட்டை மற்ற அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ அழுதுக்கினு இருந்திருப்பே தங்கச்சி. அழுவுற புள்ளைக்கு என்னா கேக்கும்?"

"நான் அழலை."

அடுத்த வாரம் நடை துறைமுகத்தோடு முடிந்தது. ஏன் என்று கேட்டேன். "புரொபசரு செவப்பு மையால கோடு போட்டுட்டாங்களே!" என்று சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக அவர் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. துறைமுகத்திலிருந்தே டாக்சி பிடித்தார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது உண்மைதானே என்று சும்மா இருந்துவிட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

வியாழக்கிழமைதான் கேட்டேன். "நீ போன அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் கிளாரினெட் வாசிச்சாங்களா?"

"தெரியலடி. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ கையைக்கூட ஆட்டலை."

ஆட்டியதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை தகனம். கிளாரினெட்டை அவர் மகள் வைத்துக்கொண்டாள், அதுதான் சரி. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, நான் நிறுத்தவைத்த அந்தக் கடைசி இடம்.

மறுநாள் சனிக்கிழமை. நடையை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. பூங்கா மணிக்கூண்டின் கீழே ஏழு பேர் காத்திருந்தார்கள். செய்தியைச் சொன்னேன். யாரும் திரும்பிப் போகவில்லை, நானே நடத்தினேன். கம்மிங் தெருக் கடையில் அந்தப் பெண் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வானொலியை நிறுத்தினாள். துறைமுகத்தில் முடிந்தது என்று நினைத்து இருவர் கைகுலுக்க வந்தார்கள். இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்றேன்.

பேருந்து நிலையத்தில் அவர் நிற்கும் பக்கத்தில் நின்று, போனவர்களுக்கு இங்கே கிளாரினெட் வாசித்ததாக அவர் சொன்னதைச் சொன்னேன். நானும் இங்கே இருந்தேன், எனக்கு நினைவில்லை என்பதையும் சொன்னேன்.

நவுசோரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், "என்ன பாட்டு வாசிச்சாரு?" என்று கேட்டாள்.

வாசித்தாரா என்று மூன்று வருடம் யோசித்திருக்கிறேன். என்ன வாசித்தார் என்று அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெரியாது என்றேன். உள்ளே பாட்டு அதிர, ஒரு பேருந்து பின்னோக்கி வந்துகொண்டே ஹார்ன் அடித்தது. எல்லாரும் விலகி வழிவிட்டோம்.