ராகு காலத்துக்கு முன்னால் வைத்த பை

புதுச்சேரியில் கண் டாக்டர் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. சர்க்கரையால் என் மனைவிக்கு இடது கண் முன்பே மங்கிப் போயிருந்தது. வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிகிறது, திங்கட்கிழமை வந்து படுக்க வேண்டும், செவ்வாய் ஆபரேஷன் என்றார். அதற்குப் பிறகு பார்வை இருக்குமா என்று கேட்டதற்கு, பாதிக்குப் பாதி என்றார். அன்று வெள்ளிக்கிழமை. இரண்டாயிரத்து எட்டு, பங்குனி மாதம்.

அவளோடு சிதம்பரம் திரும்பிய பஸ் கடலூரைத் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "மாசி மகத்துக்குப் பரங்கிப்பேட்டை போறப்பெல்லாம் பாய் கட்டுன படகு ஒண்ணு பாப்பமே. பொழுது சாயுற நேரத்துல அதுல ஒருவாட்டி போவணும்னு எத்தினி வருஷமா கேக்குறேன்."

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று பதினாறு வருடம் சொன்னவன் நான். அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை போவலாம்" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியத் தவிர என்ன எங்க கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

சனிக்கிழமை அரிசி மண்டியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். நான் எட்டாவது வரை படித்தவன். மூட்டை எடை போடத் தெரியும், படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெள்ளாறு கடலில் சேரும் அந்தக் கரையில் நின்றதெல்லாம் சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகுகள், எல்லாவற்றிலும் எஞ்சின். எஞ்சின் படகு ஆவாதா என்று ஒருவர் கேட்டார். அவள் கேட்டது பாய்ப்படகு. இதிலும் ஒரு குறை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு மேல் ஒரு படகுக்காரர் கிடைத்தார். யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்த பாயில் கிழிசலை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் சிரித்தார். "டீசல் ஊத்த வக்கில்லாம நான் பாய் கட்டுறேன். அதுல ஏற சிதம்பரத்துலேருந்து ஆளு வருது, பாரேன்!"

கண் விஷயத்தைச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடுங்க மாமா. கடல் காத்து மேற்கப் பாத்து அடிக்கும். பாய விரிச்சா சூரியனுக்கு நேரா போவும்."

அஞ்சு மணி என்றதும் நான் மனதுக்குள் நேரம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவளை அந்த நேரத்தில் தண்ணீரில் எப்படி ஏற்றுவது?

"நாலு மணிக்குக் கெளம்ப முடியாதா?"

"கடல் தண்ணி ஆத்துல ஏறியிருக்காது. படகு சேத்துல குந்தியிருக்கும். நீங்க எறங்கித் தள்ளுறீங்களா?"

"அப்ப ஆறு மணிக்கு?"

"சரிதான். நாம போயி சேர்றதுக்குள்ள சூரியன் வூட்டுக்குப் போயிடும். பெட்ரோமாக்ஸ் வச்சிதான் காட்டணும்."

அன்று சாயங்காலம் கோயிலில் நடராஜர் முன்னால் நின்றபோதுதான் பரஸ்தானம் நினைவுக்கு வந்தது. நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், பயணம் போகிறவருடைய பொருள் ஒன்றை நல்ல நேரத்திலேயே வெளியில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். வைத்ததைப் புறப்படும்வரை திருப்பி எடுக்கக் கூடாது. அருள் கிடைத்தது என்றே நம்பி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு நாலு மணிக்கு முன்பே ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். ஒரு மஞ்சள் பையில் அவளுடைய புடவையும் கோயில் குங்குமமும் எடுத்துப் போயிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எதற்காக வேண்டுகிறோமோ அதற்கானதையே வைத்தால் இன்னும் நல்லது என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, நானாக நினைத்தது. அவள் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டேன். சேற்றில் இருந்த படகுக்குள் வைத்துவிட்டுப் படகுக்காரரிடம், "இத யாரும் தொடக் கூடாது, நவுத்தவும் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் மடியைத் தடவினாள். "என் கண்ணாடி எங்கங்க?"

"படகுல பரஸ்தானமா வச்சிருக்கேன். ஏறுனதும் போட்டுக்க."

"எனக்கு இப்ப வேணும். தண்ணி எது, கரை எதுன்னே தெரியல."

"எடுத்தா பலன் போயிடும். கொஞ்ச நேரம் பொறுத்துக்க."

"உங்க ராகுவுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுமில்ல? அவரையே கூட்டிட்டுப் போங்க."

படகு இருபதடி தூரத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிவ சிவ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் ஏறியது. படகுக்காரர் பாய் கட்டும் மூங்கிலைத் தூக்கினார். நான் நகர்த்தக் கூடாது என்று சொன்ன பை அவர் நிற்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதை மிதிக்காமல் எட்டிக் காலை வைத்தவருக்கு மூங்கில் கைநழுவிப் பையின் மேலேயே விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். வலது பக்கக் கண்ணாடி தூளாகியிருந்தது. மங்கிய கண்ணுக்கானது மட்டும் முழுசாக இருந்தது.

"நவுத்தாதேன்னீங்களே மாமா" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவள் எழுந்து நின்று கையை நீட்டினாள். "ஏத்தி விடுங்க. நாளைக்கு என்ன, திரும்ப வரப் போறமா?"

பாய் காற்றை வாங்கி உப்பியது. படகு சத்தமில்லாமல் மேற்கே போனது. சூரியன் நேர் எதிரே இருந்தது. அவள் முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொண்டு, "என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"செவப்பா இருக்குது."

"அது எனக்கே தெரியுது. கரைச்சி ஊத்துன மாதிரி. வேற?"

நான் அதுவரை எந்தச் சாயங்காலத்தையும் உட்கார்ந்து பார்த்தவனில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பனைமரத்துத் தலையில் உட்கார்ந்திருக்கிறது, அடிப்பக்கம் தட்டையாகிவிட்டது, வலைக்கம்பு மேல் ரெண்டு கொக்கு நிற்கிறது என்றேன்.

"மடவை மீனு துள்ளுது அக்கா" என்றார் பின்னாலிருந்து படகுக்காரர். "ஒவ்வொண்ணும் வெள்ளிக் காசாட்டம்."

ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. சாமி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இருபதடியை நடக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அன்று சூரியன் பனைமரங்களுக்குக் கீழே இறங்கி மறைந்தது.

"போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. பாதி இருக்குது."

"பொய் சொல்லாதீங்க. மூஞ்சியில பட்ட சூடு போயிடுச்சு."

அவள் தடவிப் பார்த்து என் முழங்கையைப் பிடித்தாள். "சரி, மீதிப் பாதியையும் சொல்லுங்க."

ஆறு கறுத்துக்கொண்டு வந்தது. படகுக்காரர் பாயை இறக்கிவிட்டுக் கழியைப் போட்டுத் தள்ளத் தொடங்கினார். நான் அங்கே இல்லாத சூரியனை அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி, கால், அப்புறம் ஒரு கீற்று.