கையெழுத்துப் போடாத இருபத்திரண்டு பேர்

சம்பளத்துக்கு ரக்பி ஆடியது மூன்று வருடங்கள்தான். கண்டிக்கு வெளியே புதிதாகத் தொடங்கி, பின்னர் மூடப்பட்ட ஒரு சின்னக் கிளப் அது. கம்பளையில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, விளையாடுவதும் ஒரு வேலை, வேலைக்காரனுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் புரிந்தது.

இரண்டாவது வருடம், பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்து எங்களோடு ஆடிய ஒருவருக்குப் பயிற்சியில் தோள்பட்டை உடைந்தது. மைதானத்தில் டொக்டரும் இல்லை, அம்பியூலன்ஸும் இல்லை. ஆட்டோவில் ஏற்றி, ஒவ்வொரு குழியிலும் அவர் கத்தக் கத்த, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அவர் கட்டிலில் கிடக்கும்போதே, ஒப்பந்தம் ரத்து என்று கிளப்பிலிருந்து கடிதம் வந்தது.

மறுநாள் பயிற்சிக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் எல்லோரும் கூடினோம். எங்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேசத் தலைவராக இருக்கும்படி கப்டனைக் கேட்டோம். அவர் மறுத்துவிட்டார். தன்னைத் தெரிவு செய்தது நிர்வாகம் என்றும், எங்களுக்காகப் பேசுகிறவரை நாங்களே தெரிவு செய்ய வேண்டும் என்றும் சிங்களத்தில் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக, முன்வரிசையில் ஆடும் கலஹாக்காரரின் பக்கம் திரும்பினார்கள். கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஆளும் பெரிது. ஆனால் பேச்சு குறைவு. எவர் பேசினாலும் முடியும் வரை கேட்பார்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "புது ஒப்பந்தத்துல யாரெல்லாம் சைன் வச்சிட்டீங்க?"

எவரும் வைக்கவில்லை. வியாழக்கிழமை நான்கு மணிக்குள் ஒப்பந்தங்கள் பதிவாகாவிட்டால் சனிக்கிழமை நடக்கும் முதல் போட்டிக்கு அணியே இல்லை.

"அப்ப எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க. வச்சா எல்லாரும் ஒண்ணா வைப்போம்" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தவரையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். இருபத்தொரு ஒப்பந்தங்கள் அவருடைய பையில் சேர்ந்தன.

பயிற்சிக்கும் டொக்டரும் அம்பியூலன்ஸும் வேண்டும், காயப்பட்டவரின் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கூடாது, எங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்று எழுதிய தாளோடு, வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவரும் நானும் முகாமையாளரின் அறைக்குப் போனோம். முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், நல்ல மனிதர்.

"வாங்கோ தம்பிமார், கதிரையில இருங்கோ" என்றவர், உடனேயே விஷயத்துக்கு வந்தார். "உங்கட பத்தாம் இலக்கம் கைச்சாத்து வைக்கிறார். அவருக்குத் தனியா ஒரு ஒப்பந்தம் நேற்றே குடுத்தாச்சு."

பத்தாம் இலக்கச் சட்டை போட்டு ஆடுகிறவர்தான் எங்கள் நட்சத்திரம், கண்டி டவுனைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர். கூட்டம் மைதானத்துக்கு வருவதே அவருக்காகத்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கடியில் கலஹாக்காரர் என் காலை மிதித்தார்.

"நல்லது சார்" என்றார் அவர். "அவரு பந்த யாருக்குப் போடுவாரு?"

முகாமையாளர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது கதவு திறந்தது. பத்தாம் இலக்கமே வந்து நின்றார், சட்டையெல்லாம் வியர்வை. பேராதனையிலிருந்து பஸ் கிடைக்காமல் பாதி தூரம் ஓடி வந்திருக்கிறார். தன்னுடைய தனி ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்தார். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

"சேர், நாளைக்கு என்ட கால் உடஞ்சாலும் இதே கடிதம்தானே வரும்? மத்தவங்க வெச்சா நானும் வெக்கிறேன்."

முகாமையாளர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிளப்பின் தலைவருடன் தொலைபேசியில் பேச உள்ளறைக்குப் போனார். அரை மணிநேரம். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக எனக்குப் பட்டது.

"ஓம், டொக்டரும் அம்பியூலன்ஸும் பயிற்சிக்கும் வரும். காயப்பட்டவையின்ர ஒப்பந்தத்தைப் பருவம் முடியுமட்டும் வெட்டமாட்டினம், ஆஸ்பத்திரியில இருக்கிற தம்பியின்ரயும்தான். ஆனா சங்கம் எண்ட சொல்லைக் கடிதத்தில போட மாட்டினமாம்."

அதற்காகச் சண்டை போட நான் தயாராக இருந்தேன். கலஹாக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"பேரு வேணாம் சார். எங்களப் பத்தி எது முடிவெடுத்தாலும் நாங்க தெரிவு செஞ்ச ஆளக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னு எழுதிக் குடுங்க."

முகாமையாளர் மீண்டும் தொலைபேசிக்குப் போய்வந்து, எழுதிக் கொடுத்தார். மூன்றரைக்கு இருபத்தொரு பேரும் வராந்தாவில் வரிசையாக நின்று கையெழுத்திட்டோம். கடைசியாக வைத்தவர் கலஹாக்காரர்.

சனிக்கிழமை நாங்கள் ஆறு புள்ளிகளால் தோற்றோம். ஆனாலும் அன்று ஓடியதுபோல நான் அதற்கு முன்னும் பின்னும் ஓடியதில்லை. அடுத்த மாதம் வேறொரு ஊர்க் கிளப்பின் ஆட்டக்காரர்கள், இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸில் கலஹாக்காரருக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்துக்கொண்டேன்.