கழுதைக்கும் கணக்குண்டு

அச்சடித்துக் கொடுப்பவன் அடிப்பதை வாசிக்கக் கூடாது. வாசித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் ஏச்சுத்தான் மிஞ்சும். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் என் இனத்தாருக்கு இது சொல்லாமலே விளங்கும். 2009இல், புலம்பெயர்ந்து வந்த செவன் கிங்ஸ் ஊரில், ஒரு பிரிண்டிங் கடையில் நான் வாசித்துத் தொலைத்தவற்றில் சில இவை.

மந்திர ஆடுகள்

லெனர்ட் ஒரு யூதர், ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரர். தங்கள் ஆலயத்தில் கிழமைக்கொரு முறை வேத வகுப்பு நடத்தினார். அதற்கான தாளை முதல் நாளே எங்களிடம் கொண்டுவருவார். அந்தக் கோடை முழுக்க ஒரே பாடம்தான்: போரில் பிடிபட்ட ஆடு மாடுகள்.

ஒரு தாளில் சவுல் ராசாவுக்குக் கடவுளின் கட்டளை: அமலேக்கியரின் ஆடு மாட்டைக்கூட மிச்சம் வைக்காதே. மனிதன் பாவம் செய்தான் சரி, மாடு என்ன செய்தது என்று ராசா கேட்டாராம். எனக்கும் அதே சந்தேகம். அந்த எதிரிகள் மந்திரவாதிகள், ஆடு மாடாக உருமாறித் தப்பிவிடுவார்கள், அதனால்தான் என்று பழைய உரைகாரர் ஒருவர் விளக்கியிருந்தார். சத்தமாக வாசித்தேன். மெஷினில் நின்ற வனிதா, ஜெர்மனியில் மூன்று தரம் அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி இங்கே வந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "அண்ணை, அந்த மந்திரம் தெரிஞ்சிருந்தால் நான் ஏன் லொறிக்குள்ள ஒளிச்சு வாறன்? செம்மறியா மாறி ராசாத்தி மாதிரி நடந்து வந்திருப்பன்."

நான் செய்த உதவி

அடுத்த தாளில், இன்னொரு போரில் மீதியானியரிடம் பிடித்த மந்தையைப் படைக்குப் பாதி, சனத்துக்குப் பாதி என்று பிரிக்கிறார்கள். படையின் பாதி: ஆடு மூன்று லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு, மாடு முப்பத்தாறாயிரம், கழுதை முப்பதாயிரத்து ஐந்நூறு. கீழே சனத்தின் பாதி: அச்சொட்டாக அதே இலக்கங்கள். பாவம், மனுஷன் இரண்டு தரம் தட்டிவிட்டார் என்று கீழ்ப்பந்தியை வெட்டிவிட்டு நாற்பது பிரதி அடித்தேன். உதவி செய்த பெருமை வேறு.

இரண்டு நாள் கழித்து லெனர்ட் வந்தார். ஏசவில்லை, ஏசியிருக்கலாம். வகுப்பே அந்த வெட்டிய பந்தியைப் பற்றித்தானாம். முழுத்தொகையும் ஒரு பாதியும் சொன்ன பிறகு, மறுபாதியை ஏன் திரும்ப எண்ண வேண்டும்? பிரித்து முடியும்வரை ஒரு உருப்படிகூடச் சாகவில்லை என்று காட்டத்தான் என்பது ஓர் உரை. பிறகு என் தோளைத் தட்டினார்: "இலக்கம் ஒன்றுதான், ஆனால் ஆடுகள் வேறு."

பட்டியல்

அப்போது கடையில் இன்னொன்றும் அடித்தோம். வன்னியில் போர் முடிந்து முகாமுக்குப் போனவர்களின் பெயர்கள், கைமாறிக் கைமாறி ஈமெயிலில் வரும். ஃபாரஸ்ட் கேட், பார்க்கிங் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்து எடுத்துப்போகும். என் அக்கா பரமேஸ்வரி கிளிநொச்சியில் இருந்தவள். சித்திரைக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பட்டியலில் கிளிநொச்சிப் பரமேஸ்வரி ஒருத்தி இருந்தாள், வயது எழுபத்தொன்று. அக்காவுக்கு ஐம்பத்துமூன்று.

அந்த மனவெப்பியாரத்தில் லெனர்ட்டிடம் கொட்டிவிட்டேன்: உங்கள் வேதத்தில் கழுதைக்கும் கணக்கு இருக்கிறது, எங்கள் சனத்துக்கு இல்லை. அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இதிலும் ஏதாவது வெட்டினீர்களா?" என்றார்.

பெயரும் ஊரும் ஒன்றாயிருந்த வரிகளை, இரட்டிப்பு என்று கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் அழித்திருந்தேன். வயதைப் பார்க்கவேயில்லை. ஈமெயிலில் வந்தபடியே கிடந்த பட்டியலைத் திறந்தோம். பரமேஸ்வரி, கிளிநொச்சி, 71. அதன் கீழே: பரமேஸ்வரி, கிளிநொச்சி, 53. கவுண்டரில் நின்றே அழுதேன். வனிதா முழுப் பட்டியலையும் புதிதாக அடித்து வாசலில் ஒட்டினாள்.

பத்து நாள் கழித்து, யாரோ ஒருவரின் போனிலிருந்து அக்கா பேசினாள். பிள்ளைகளும் கூட இருக்கிறார்களாம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் சிரித்தாள்: "ஷெல்லுக்கெல்லாம் தப்பி வந்தனான், கடைசியில நீயெல்லோடா என்னை அழிச்சுப்போட்டாய்!"

இப்போது எங்கள் கடையில் ஒரே வரி பத்துத் தரம் வந்தாலும் பத்துத் தரமும் அடித்துக் கொடுக்கிறோம்; கடதாசி போனால் போகட்டும்.